பதினொரு வாய்க்குப் பொருந்திய பல்செட்

பஸ் டிப்போவில் தொலைந்த பொருள்களைக் காக்கும் அறைக்குப் பொறுப்பாளராக இருந்தவரை எல்லோரும் குடையார் என்றே அழைத்தார்கள். மழைக்காலம் முடிந்தால் அவர் அறையில் குடைகள் கூரையை முட்டும். ஒருமுறை பெருங்காற்றில் அத்தனையும் ஒரே நேரத்தில் விரிந்து, அறையே தரையிலிருந்து அரையடி எழும்பி இறங்கியதாக டிப்போவில் சொல்வார்கள். குடையார் அதை மறுத்தார். கால் அடிதான் எழும்பியது என்றார்.

அவருடைய வேலை முறை எளிது. தொலைத்தவர் ஜன்னலுக்கு வருவார். "பைக்குள்ள என்ன இருந்துச்சு?" என்று குடையார் கேட்பார். சரியாகச் சொன்னால் பை கைக்கு வரும்.

நிர்வாகத்துக்கு இது பிடிக்கவில்லை. 'தகவல் அமைப்புத் திட்டமிடலும் அறநெறியும்' என்ற மாலை வகுப்பில் தேறி, அறைக்கென்று ஓர் அமைப்பையும் உருவாக்கிக் காட்டினால் நாற்காலி அவருக்கு; தவறினால் பஸ் கழுவும் ஷெட். குடையாருக்கு ஈரம் ஆகாது. ஈரத் துண்டைப் பார்த்தாலே தும்முவார். ஷெட்டில் ஒரு வாரம் நின்றால் ஆளையே பிழிந்து காயப்போட வேண்டியிருக்கும் என்று அவர் மனைவி புலம்பித் தீர்த்தாள்.

அதனால் குடையார் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்தார். திட்டமிடல் பாடங்களைக் கரைத்துக் குடித்தார். பயன்படுத்தப் போகிறவர்களிடம் முதலில் கேட்க வேண்டும் என்றார் பேராசிரியர். குடையார் பயணிகளிடம் போய்க் கேட்டார். "உங்க ரூமுக்குள்ள என்ன இருக்குன்னே எங்களுக்குத் தெரியலையே" என்றார்கள். சரி, தெரியவைத்துவிடுவோம் என்று டிப்போ வாசலுக்கு ஒரு பெரிய திரையைத் திட்டமிட்டார். வந்த பொருள் ஒவ்வொன்றும் படத்தோடு, உள்ளே இருப்பதையும் சேர்த்து, ஒன்று விடாமல் அதில் ஓடும்.

அடுத்தது அறநெறிப் பாடம். அன்று பேராசிரியர் வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு வந்தார். தொண்டை சரியில்லை என்று பலகையில் எழுதிவிட்டுப் பேச ஆரம்பித்தார். தலையணைக்குள்ளிருந்து யாரோ பேசுவதுபோல் இருந்தது. ஒரு சொல்கூட விளங்கவில்லை. மரியாதைக்காக வகுப்பே தலையாட்டியது. அவரும் பாதியில் நிறுத்திவிட்டுப் போய்விட்டார். குடையார் மட்டும் 'மிக முக்கியம்' என்று எழுதி அடிக்கோடும் போட்டுக்கொண்டார்.

திரை வந்தது. மேனேஜருக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

மறுநாள் காலை ஜன்னலில் எள் விழ இடமில்லை. திரையைப் படித்தவர்கள் எல்லோரும் பொருளுக்குச் சொந்தக்காரர்கள் ஆகியிருந்தார்கள். குடையார் கேள்வியைக் கேட்குமுன் வரிசையே சேர்ந்து விடையை ஒப்பித்தது. பதினான்காம் நம்பர் பஸ்ஸில் கிடைத்த ஒரு பல்செட்டுக்கு மட்டும் பதினொரு பேர். இடது கடைவாய்ப் பல்லில் இருந்த விரிசலின் நீளம் வரை சொன்னார்கள். வேறு வழியில்லாமல், வெந்நீரில் கழுவிக் கழுவிப் போட்டுப் பார்க்கச் சொன்னார். பதினொரு பேருக்கும் அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்தியது. கடைசி ஆள் குடையாரின் மச்சான், அதே டிப்போவில் டிரைவர்.

"மச்சான், உங்களுக்குத்தான் சொந்தப் பல்லு முப்பத்திரண்டும் இருக்கே!"

"இருந்தா என்ன மாப்ள? ஸ்டெப்னி வேணாமா?" என்றார் மச்சான், அறுபத்துநான்கு பல்லும் தெரியச் சிரித்து.

குடையார் பல்செட்டைப் பிடுங்கி டப்பாவில் போட்டு அலமாரியில் ஏற்றினார்.

மதியம் ஒரு பெண் வந்தாள்.

"ஐயா, என் பையில வேற கம்பெனி இன்டர்வியூ கார்டு இருந்துச்சு. அதைப் போட்டோ புடிச்சு வாசல்ல ஓட்டுறீங்க. என் முதலாளி தினமும் அங்கதான் பஸ்ஸுக்கு நிப்பாரு."

"பார்த்துட்டாராம்மா?"

"வாழ்த்து சொன்னாரு. நாளையிலருந்து வர வேணாம்னும் சொன்னாரு." பையை வாங்கிக்கொண்டு அவள் கேட்டாள்: "நான் தொலைச்சது பையைத்தானே? உள்ள இருந்ததை ஊருக்குப் படிச்சுக் காட்டச் சொன்னது யாரு?"

இத்தனை வருஷமாக ஜன்னலில் கேட்டுவந்த ஒரே கேள்வியின் விடையைத் தானே தெருவில் கொண்டுபோய் மாட்டியிருக்கிறோம் என்பது குடையாருக்கு அப்போதுதான் உறைத்தது. எழுந்து போய்த் திரையை அணைத்தார். மறுநாள் தேர்வு. தேர்வில் காட்ட அவரிடம் இருந்ததே அந்தத் திரை ஒன்றுதான்.

மறுநாள் தேர்வு நடத்தப் பேராசிரியரை மேனேஜரே அறைக்கு அழைத்து வந்தார். கைக்குட்டை இன்னும் வாயை விட்டு இறங்கவில்லை.

"திரை ஏன்யா இருட்டா கிடக்கு? கரண்ட் இல்லையா?"

"நான்தான் அணைச்சேன் சார்."

"ஷெட்டுக்குப் போக அவ்வளவு அவசரமா உனக்கு?" என்று கத்திவிட்டு, சுவிட்சைப் போட மேனேஜர் தானே ஓடினார்.

அறையில் இருவர் மட்டும். பேராசிரியர் அலமாரியைப் பார்க்காததுபோல் பார்த்தார். அந்தப் பார்வை பல்செட் டப்பாவில் போய் ஒட்டிக்கொண்டது, பிய்த்தாலும் வரவில்லை. குடையாருக்குச் சட்டென்று விளங்கியது. பல் பஸ்ஸில் போனது. பல் போனதால் பாடம் போனது. பாடம் போனதால் பல் திரையில் ஏறியது. திரையில் ஏறிய பல்லைக் கேட்டுவர மானமுள்ள மனிதர் யார் ஜன்னலுக்கு வருவார்?

குடையார் வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. டப்பாவைத் தாளில் சுற்றிக் கையில் கொடுத்துவிட்டு, திரும்பி நின்று குடைகளை எண்ணத் தொடங்கினார்.

முதுகுக்குப் பின்னால் 'டக்' என்று ஒரு சத்தம்.

"மூணாவதா," என்றது கணீரென்ற குரல், "அடுத்தவங்க விவரம் நம்ம கைக்கு வந்துட்டதால மட்டும் அது நம்மளோடது ஆயிடாது..."

அன்று நின்ற இடத்திலிருந்து பாடம் தொடர்ந்தது. பதினொரு வாயில் வெறும் பல்லாக இருந்தது இந்த வாயில் வகுப்பே எடுத்தது. பேராசிரியர் நிறுத்தப் பார்த்தார். பல் கேட்கவில்லை, ஐந்தாவது கருத்தையும் முடித்துவிட்டுத்தான் ஓய்ந்தது. யாருடையது என்பதற்கு அதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை.

மேனேஜர் மூச்சிரைக்கத் திரும்பினார். சுவிட்ச் எங்கே இருக்கிறதென்று அவருக்குத் தெரியவில்லை. அலமாரியைப் பார்த்ததும் அதையும் மறந்தார்.

"அந்தப் பல்லு எங்கய்யா? சாருக்குக் காட்டலாம்னு இருந்தேனே!"

"உரியவர் வாங்கிட்டார் சார்."

"யாரு?"

"அது சொல்றதுக்கில்ல சார்."

"எங்கிட்டயேவா? நான் மேனேஜர்யா!"

"பொருள் போய்ச் சேர்ந்துதான்னு கேளுங்க, சொல்றேன். சேர்ந்துடுச்சு. ஆள் யாருங்கறது உங்களுக்கு எதுக்கு சார்?"

"ஷெட்டுல ஒரு பைப்பு சும்மாத்தான் கிடக்கு. ஞாபகம் இருக்கட்டும்."

குடையாருக்கு மூக்கு நமநமத்தது. அடக்கிக்கொண்டார். பேராசிரியர் மெல்லச் செருமினார்.

"தேர்வாளரா நான் கேக்கறேன். அது யாரோட பல்?"

குடையார் அவர் முகத்தையே பார்த்தார்.

"உங்களுக்கும் சொல்ல மாட்டேன் சார்."

காதுவரை ஏறியிருந்த பேராசிரியரின் தோள்கள் இரண்டும் இறங்கித் தம் இடத்துக்கு வந்தன.

"தேறிட்டீங்க," என்றார். "இனிமே திரையில என்ன ஓடும்?"

"கறுப்புப் பை ஒண்ணு வந்திருக்கு, உள்ள வாங்க. அவ்வளவுதான் சார். மிச்சத்தை வர்றவங்க சொல்லணும்."

"சார், உங்க தொண்டை சரியாயிடுச்சே!" என்று வியந்தார் மேனேஜர்.

"இந்த ரூம் காத்து அப்படி," என்றார் பேராசிரியர்.

மாலையில் அந்தப் பெண் ஜன்னலில் எட்டிப் பார்த்து, இன்டர்வியூவில் வேலை கிடைத்துவிட்டது என்றாள். பழைய முதலாளியின் வாழ்த்து பலித்துவிட்டது. தேறியதைவிட அந்தச் செய்திதான் குடையார் வயிற்றில் பால் வார்த்தது. காலை நீட்டி உட்கார்ந்து மனைவிக்குப் போன் போட்டார்.

"பாஸா?"

"பாஸ்."

"அப்போ ஷெட்டு கிடையாதே?"

"கிடையாது."

அந்தப் பக்கம் அவள் விட்ட பெருமூச்சில் இந்தப் பக்கம் மேசை மேலிருந்த சீட்டுகள் பறந்தன. குடையார் குனிந்து பொறுக்கினார்.

"ஆமா," என்று குரலைத் தாழ்த்தினாள் மனைவி, "அந்தப் பல்லு யாருதுங்க? என்கிட்ட மட்டும் சொல்லுங்க."

"ஹலோ? ஹலோ? ஒண்ணும் கேக்கல, இரைச்சலா இருக்கு," என்றார் குடையார்.

லைன் தெள்ளத் தெளிவாக இருந்தது.