ஆள் இருக்கு

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில். பக்கத்து நாற்காலியில் கன்னத்தைப் பிடித்தபடி இருந்தவர் ஆர்மோனியம் வாசிப்பவர். மனைவி பாட, இவர் வாசிப்பார். நான் கதை எழுதுகிறவன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். பல்வலிக்காரர் அவ்வளவு பேசுவார் என்று எதிர்பார்க்கவில்லை. சொன்னதில் முக்கால்வாசியை அங்கேயே நம்பினேன். மீதிக் கால்வாசியை நம்பாமல் இருப்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

2

தொடக்கம், முதல் முயற்சி: "அன்று மழை பிடித்துக்கொண்டு—"

(மழை இல்லை. பயமுறுத்த வேண்டுமென்றால் உடனே மழையைக் கூப்பிடுவது எழுதுகிறவர்களின் கெட்ட பழக்கம். நல்ல வெயில். தையல்கடை மாடியில் வாடகைக்கு எடுத்த ஒத்திகை அறை.)

பாடகியின் கையில் பழைய சூஃபி ஞானி ஒருவரின் பாடல். காலங்காலமாகத் தாளிலேயே கிடந்தது. யாரும் மெட்டுப் போட்டதில்லை. கடைசி அடிகள் இவை:

என்னைக் கழற்றி வைத்தேன் உன் வாசலில், செருப்பைப் போல.
உள்ளே போனது யார்?

வாரக்கணக்காக மெட்டு அகப்படவில்லை. அன்று மதியம் கண்ணை மூடிப் பாடினாள், அகப்பட்டது. கீழே தையல் இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. ஆர்மோனியக்காரருக்குப் புல்லரித்தது. கல்யாணமான நாளிலிருந்து அவர் காத்திருந்தது அந்தக் குரலுக்குத்தான்.

3

அதன்பிறகு அவள் 'நான்' என்று சொல்லவில்லை.

உடனே யாருக்கும் உறைக்கவில்லை. நம் மொழியும் அதற்கு வாகானது. 'பசிக்குது', 'வந்தாச்சு', 'போகணும்' என்று ஆளே இல்லாமல் ஒரு குடும்பத்தை நடத்திவிடலாம். (நானும் ஒரு நாள் வீட்டில் அப்படிப் பேசிப் பார்த்தேன். யாரும் கவனிக்கவில்லை. அதோடு விட்டுவிட்டேன்.)

கண்டுபிடித்தது மகள். கல்லூரியிலிருந்து காய்ச்சலோடு வந்து படுத்திருந்தாள்.

"அம்மா, பக்கத்துல இருக்கியா?"

"ஆள் இருக்கு. தூங்கு."

மகள் போர்வையை இழுத்துக்கொண்டே அப்பாவிடம் எழுந்து வந்தாள்.

"'நான் இருக்கேன்'னு சொல்லும்மான்னு கேட்டுப் பாத்துட்டேன்ப்பா. வாயைத் திறக்கறா. வரமாட்டேங்குது."

"பாட்டுலயே மூழ்கிக் கிடக்கறா. கச்சேரி முடிஞ்சா சரியாயிடும்."

"அந்தப் பாட்டை நிறுத்துங்கப்பா."

4

முதல் பிரதியில் ஆர்மோனியக்காரர் உடனே நிறுத்திவிடுகிறார். நல்ல அப்பா. அந்தப் பகுதியை அடித்துவிட்டேன். அவரே ஒளிக்கவில்லை: "எனக்கு அந்தக் குரல் வேணும்னு இருந்துச்சு சார். அவ்வளவுதான்."

ஒத்திகைக்கு ஒத்திகை குரல் வளர்ந்தது. வீட்டில் அவள் தேய்ந்தாள். கூப்பிட்டால் திரும்பச் சற்றுத் தாமதமாகும், யாரோ உள்ளே போய் அவளை அழைத்து வருவதுபோல.

கச்சேரியில் மகள் முன்வரிசையில் உட்கார்ந்து அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி அடி நெருங்கியது. அவருக்கு மனசு கேட்கவில்லை. ஆர்மோனியத் துருத்தியிலிருந்து கையை எடுத்துவிட்டார். சுருதி அறுந்தது. பாடகி மைக்கை விட்டு அவர் பக்கம் சாய்ந்து, கடைக்குப் போய்வரச் சொல்வதுபோலச் சொன்னாள்:

"வாசிங்க. பாதியில விட்டா கதவு திறந்தே கிடக்கும்."

"யாரு சொல்றது?" என்றார்.

அவள் ஆர்மோனியத்தைக் கண்ணால் காட்டினாள். பொறுமையாகக் காத்திருந்தாள்.

அவர் வாசித்தார்.

5

"பாட்டு முடிந்ததும் மேடையிலேயே சரிந்து—" (வேண்டாம்.)

"விளக்கு எரிந்தபோது மேடையில் யாரும்—" (வேண்டாம். நடந்தது இதைவிடச் சாதாரணம்.)

மறுநாள் காலை அவள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "நான் டீ போடட்டுமா?" என்றாள். மகள் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு அழுதாள்.

"இன்னொரு தடவை சொல்லும்மா."

"நான்தான்டி. நான்."

அன்றிலிருந்து வீடு பழையபடி ஆகிவிட்டது. பழையதைவிட இதம் என்றுகூடச் சொல்லலாம். அவள் இப்போது சண்டை போடுவதே இல்லை.

ஆனால் ஆர்மோனியக்காரருக்குக் காது என்று ஒன்று இருக்கிறதே. அவர் மனைவி 'நான்' என்னும்போது குரல் கடைசியில் இறங்கும். இவள் சொல்வது இறங்குவதில்லை. மேலே போய் நிற்கிறது. புதுச்சட்டை போட்டவர்கள் கையை நீட்டி நீட்டிப் பார்ப்பதுபோல, தேவையில்லாத இடத்திலும் சொல்லிப் பார்க்கிறாள். நான் வந்துட்டேன். நான் இங்கதான் இருக்கேன்.

"பொண்ணு இப்பத்தான் நிம்மதியா தூங்கறா," என்றார். "அவகிட்ட சொல்லணுமா சார்?"

என் பதிலை இங்கே எழுதினேன், பிறகு எடுத்துவிட்டேன். மகளுக்குக் கதை என்றால் உயிராம், கையில் அகப்படுவதையெல்லாம் படிப்பாளாம். நீங்கள் இதைப் படித்து முடித்து மூடும்போது பக்கத்திலிருந்து ஒரு பெண், "குடுங்க, பாத்துட்டுத் தரேன்" என்று கை நீட்டக்கூடும். கொடுப்பதா வேண்டாமா என்பதை அவள் முகத்தைப் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள்.