தீவுக்கோழியின் மஞ்சள் கண்

அருங்காட்சியகத்தில் அக்காவுக்குப் பதினெட்டு வருட சர்வீஸ். செத்த பறவைகளைப் பாடம் செய்து, பஞ்சு அடைத்து, உள்ளே கம்பி கொடுத்து, உயிரோடு நிற்பதுபோல் நிறுத்துவது அவள் வேலை. இத்தனை வருடத்தில் ஒரு பறவையின் காலடியிலும் அவள் பெயரை யாரும் எழுதி ஒட்டியதில்லை. தங்கையோ நேற்றுத் தூரிகை பிடித்தவள். அவள் பெயர் இப்போது வாசல் பதாகையில் முழ நீளத்துக்குத் தொங்கியது. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

நாளைக்குத் திறக்கப்போகும் ஓவியக் கண்காட்சி, தீவு உயிர்களைப் பற்றியது. கப்பலேறி வந்த எலியும் பூனையும் முட்டைகளைத் தின்று தீர்த்த பிறகும், புயல் புரட்டிப் போட்ட பிறகும், அசராமல் பெருகி நிற்கும் நண்டு, பல்லி, வௌவால், பறவைகள். அருங்காட்சியகத்தில் இருப்பதைப் பார்த்துத்தான் வரைய வேண்டும் என்பது நிபந்தனை. நடுச்சுவரில், ஆள் உயரத்துக்கு, தங்கையின் தீவுக்கோழி. பறக்கத் தெரியாத முரட்டுக் கோழி.

"எப்படிக்கா இருக்கு?" என்றாள் தங்கை.

"ம், இருக்கு."

இருக்கிறதாம். அது சுவரை விட்டு இறங்கி வந்து கொத்திவிடும்போல் நின்றது. சின்ன வயதிலிருந்தே இதே கதைதான். அக்கா ஒரு வாரம் முட்டியைத் தேய்த்துக்கொண்டு கற்ற சைக்கிளை இவள் ஒரே மாலையில் ஓட்டிக் காட்டினாள். "சின்னவளுக்கு எதைத் தொட்டாலும் கைவந்துடும்" என்று அம்மா ஊரெல்லாம் சொன்னாள். அந்தப் பேச்சு இன்றும் அக்காவுக்கு ஆகாது.

பொறாமை வந்தால் பார்வை தனிக் கூர்மை பெற்றுவிடுகிறது. கோழியின் கண் மஞ்சள். தீவுக்கோழிக்குக் கண் சிவப்பு, எந்தப் புத்தகத்தில் பார்த்தாலும் சிவப்பு. அக்காவுக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது. நேரே காப்பாட்சியர் அறைக்குப் போனாள்.

"சொல்லலாமா வேண்டாமான்னு இருந்துச்சு மேடம்" என்று ஆரம்பித்தாள். படிகளை இரண்டிரண்டாக ஏறி வந்தவள்.

காப்பாட்சியர் அம்மாள் புத்தகத்தோடு இறங்கி வந்து, அதிலிருந்த படத்தையும் சுவரிலிருந்த ஓவியத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எதைப் பார்த்தும்மா வரைஞ்சே?"

தங்கை புத்தகத்தைப் பார்த்தாள். பிறகு மூலையில் இருந்த கண்ணாடிப் பெட்டியை. பிறகு அக்காவை. அந்தப் பார்வையின் பின்னாலேயே போன அக்கா, பெட்டிக்குள் தான் பாடம் செய்த தீவுக்கோழியைக் கண்டாள். அதன் கண்ணும் மஞ்சள். பதினோரு வருடத்துக்கு முன்னால் சிவப்புக் கண்ணாடிக் கண்கள் வந்து சேரத் தாமதமானது. கையிலிருந்த, ஆந்தைக்கான மஞ்சள் கண்களை எடுத்து வைத்துவிட்டு, அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்றிருந்தாள். அந்த அப்புறம் வரவேயில்லை. தங்கை இரண்டு வாரம் முக்காலி போட்டு உட்கார்ந்து வரைந்தது அந்தக் கோழியை.

"கற்பனையா போட்டுட்டேன் மேடம். என் தப்புதான்" என்றாள் தங்கை.

"கற்பனைன்னா இங்க இடமில்லையே. இறக்கிடுங்க."

ஏணி வந்தது. அக்கா கேட்டது கிடைத்துவிட்டது. சந்தோஷம்தானே வர வேண்டும்? வரவில்லை. அக்காவைக் காட்டிக்கொடுக்காமல் படத்தையே விட்டுக்கொடுத்துவிட்டு நின்றாள் தங்கை, கண் மட்டும் கலங்கியிருந்தது. அக்காவுக்கு முன்னைவிட அதிகமாக எரிந்தது. படத்திலும் முந்தினாள், இப்போது பெருந்தன்மையிலுமா? இந்த நல்ல பெயரும் இவளுக்கேவா?

"அவ பொய் சொல்றா மேடம்" என்றாள் அக்கா. "அந்தக் கோழிக்கு மஞ்சள் கண்ணு வெச்சது நான். அவ இருக்கறதை இருக்கறபடி வரைஞ்சிருக்கா."

காப்பாட்சியர் அம்மாள் பெட்டியருகே போய்க் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது முகத்தில் கோபமும் சிரிப்பும் சேர்ந்திருந்தன.

"படம் இருக்கட்டும். நடந்ததைக் கீழ எழுதி ஒட்டுங்க. பேரோட."

மறுநாள் நடுச்சுவரின் முன்னால் ஒரே கூட்டம். ஓவியத்தின் கீழே ஓர் அட்டை: கண்ணின் நிறம் ஓவியரின் பிழையல்ல, பறவையைப் பாடம் செய்தவரின் பிழை. அடுத்த வரியில் அக்காவின் பெயர். பதினெட்டு வருடத்தில் முதல் தடவை. வந்தவர்கள் அதைப் படித்துவிட்டு, கோழியின் கண்ணைப் பார்த்துவிட்டு, பெட்டிக்கு ஓடி, அங்கேயும் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். வெட்கத்தில் அக்கா தூணுக்குப் பின்னால் நின்றாள்.

தங்கை வந்து பக்கத்தில் நின்றாள்.

"எல்லாரும் முதல்ல உன் பேரைத்தான் படிக்கிறாங்க" என்றாள். குரலில் லேசான புகைச்சல்.

அக்கா தூணை விட்டு வெளியே வந்தாள்.