நாற்பத்தேழாவது வரியில் ஒரு வான்கோழி

காலை ஏழரை மணிக்குப் பெயர் இல்லாத ஒரு பெண் செண்பகவடிவின் வீட்டு கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள். பெயரைப் பல்கலைக்கழகம் எடுத்துக்கொண்டிருந்தது. திருட்டெல்லாம் இல்லை. முறைப்படி எடுத்து, ரசீதும் கொடுத்திருந்தது.

ஆகவே இந்தக் கதையில் முக்கால்வாசித் தூரம் அவளை நாற்பத்தேழு என்றுதான் சொல்ல முடியும். வடிவின் ஆய்வில் அவளுடைய எண் அது.

செண்பகவடிவு கல்லூரியில் சமூகவியல் பேராசிரியை. பீடி சுற்றும் பெண்கள் இருநூற்றுப் பதினான்கு பேரிடம், பதினெட்டுப் பக்கக் கேள்வித்தாளோடு மூன்று வருடம் வெயிலில் அலைந்து பதில் வாங்கியவள். ஒவ்வொருத்தி கையையும் பிடித்து, "நீங்க சொல்றது உங்களுக்கும் எனக்கும் நடுவுலதான்" என்று சொல்லியிருந்தாள். இருநூற்றுப் பதினான்கு முறை. முடிவில் அந்த வாக்கியம் அவள் நாக்கில் தழும்பாகவே பதிந்துவிட்டது. பல் டாக்டர் பார்த்துவிட்டு வாசித்துக் காட்டினார்.

"மேடம், எம் பேரைக் காணோம்" என்றாள் நாற்பத்தேழு.

"எப்போலருந்து?"

"நேத்து சாயந்தரத்துலருந்து. மடியில தட்டை வச்சு பீடி சுத்திக்கிட்டு இருந்தேன். ரேஷன் கடைக்காரரு வாசல்ல வந்து எம் பேரு என்னன்னு கேட்டாரு. வாயைத் தொறந்தா வெறுங்காத்துதான் வருது. பொறவு இந்தக் கடுதாசி வந்துச்சு."

கடிதத்தில் ஒரே வரி இருந்தது. 'தங்கள் தனியுரிமையைக் காக்கும்பொருட்டுத் தங்கள் பெயர் நீக்கப்பட்டது.'

"பேரு போனாப் போவுது மேடம். கல்யாணமான நாள்லருந்து என்னைய 'ஏட்டி'ன்னுதான் கூப்புடுதாவ. பதிலு வெளிய போச்சே! பால்காரன் வந்து, 'முப்பத்தொண்ணாம் கேள்விக்கு நல்லாச் சொல்லியிருக்கீயக்கா'ங்கான். கோயில் மைக்குல வாசிக்காத கொறைதான்."

முப்பத்தொன்றாம் கேள்வி இது: இந்த வீட்டில் தொடர்ந்து இருக்க விருப்பமா? நாற்பத்தேழு அன்று சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொன்ன பதில்: 'இல்லை. ரெட்டைப் பிள்ளைகள் ரெண்டும் பிளஸ் டூ முடித்த மறுநாள் அதுகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். எங்கே என்று சொல்லமாட்டேன்.'

"ஒங்க வீட்டுக்காரர் படிச்சுட்டாரா?"

"இல்ல. அவிய மாட்டுச் சந்தைக்குப் போயிருக்காவ. ஆறு மணி பஸ்ஸுக்கு வருவாவ. தெரிஞ்சா பிள்ளைகளை நாளைக்கே பள்ளிக்கூடத்துலருந்து நிறுத்திருவாவ மேடம். எனக்கு விழுற அடி பெருசில்ல. அடி எனக்குப் பழக்கம்."

வடிவுக்குக் கோபம் வந்தது. அவளுக்குக் கோபம் வந்தால் காதுமடல் சிவக்கும். அன்று சிவந்த சிவப்பில், தெருவில் போன லாரி ஒன்று சிக்னல் என்று நினைத்து நின்றுவிட்டது.

ஆய்வுத் தரவை யாரும் இறக்கிக்கொள்ளும்படி வெளியிட்டிருந்தது பல்கலைக்கழகம்தான். இருவரும் அங்கே போனார்கள்.

தரவுப் பகிர்வுப் பிரிவு முதல் மாடியில் இருக்கிறது. அந்தத் தாழ்வாரத்தின் நீளம் நடக்கிறவரின் பதவியைப் பொறுத்தது. துணைவேந்தர் நடந்தால் நாலு எட்டு. கல்லூரி ஆசிரியை நடந்தால் மூன்று கிலோமீட்டர். பீடி சுற்றுகிறவள் கூட வந்தால் அது பன்னிரண்டாகிவிடும். அதற்காக உள்ளேயே ஷேர் ஆட்டோ விட்டிருந்தார்கள்.

"பகிர்வுப் பிரிவு, பகிர்வுப் பிரிவு! தள்ளி உக்காருங்கக்கா, இன்னும் நாலு பேரு ஏறணும்" என்றான் டிரைவர். பிறகு கண்ணாடியில் நாற்பத்தேழைப் பார்த்தான். "வான்கோழி வீட்டு அக்காதானே? தைரியமான பதிலு. எங்க போகப் போறீய? மதுரையா?"

"ரோட்டைப் பாத்து ஓட்டுல" என்றாள் நாற்பத்தேழு.

கவுன்ட்டரில் ஓர் அம்மாள் முகத்தைத் தூக்காமல் கேட்டாள்.

"யாரு நீங்க?"

"டாக்டர் செண்பகவடிவு. நாற்பத்தேழாவது வரியை எடுக்கணும். அது என்னோட தரவு."

"செண்பகவடிவு மேடம் உள்ளதானே இருக்காங்க?"

உள்ளே, ஒரு நாற்காலியில், செண்பகவடிவு இருந்தாள். பல்கலைக்கழக இணையதளத்தில் இருக்கும் செண்பகவடிவு. பதிமூன்று வருடத்துக்கு முன் எடுத்த பாஸ்போர்ட் போட்டோ. தலையில் ஒரு நரைகூட இல்லை. போட்டோ மார்போடு முடிந்துவிடுவதால் அதற்குக் கீழே ஒன்றுமில்லை. நாற்காலிக்கு ஒரு முழம் மேலே மிதந்தபடி சிரித்துக்கொண்டிருந்தாள். மேஜையில் அவளுக்கென்று டீ ஆறிக்கொண்டிருந்தது.

"இவளா நான்?" என்றாள் வடிவு.

"அவங்க பேர்ல முப்பத்தெட்டுக் கட்டுரை இருக்கு. ஒங்க பேர்ல?"

"அதுல இருபது கட்டுரை இறால் வளர்ப்பைப் பத்தினதுங்க! நான் இறாலைத் தொட்டதுகூடக் கிடையாது. வேற யாரோட கணக்கையோ கொண்டுவந்து ஒட்டிட்டாங்க."

"அப்போ ஒங்களுக்குப் பதினெட்டுதான். அவங்கதான் சீனியர்."

மிதந்துகொண்டிருந்தவள் வாயைத் திறந்தாள். "நான் எல்லா நிபந்தனைகளையும் படித்துப் புரிந்துகொண்டு ஒப்புக்கொள்கிறேன்" என்றாள். அவளுக்குத் தெரிந்தது அந்த ஒரு வாக்கியம்தான்.

"எப்போடி ஒப்புக்கிட்ட?"

"பதவி உயர்வுப் படிவத்துல, தரவைப் பகிரச் சம்மதம்னு டிக் போட்டீங்களே மேடம்" என்றாள் கவுன்ட்டர் அம்மாள்.

"டிக் போடலேன்னா அடுத்த பக்கம் திறக்காதே!"

"அதான் எல்லாரும் போடுறாங்க. இருக்கிறதுக்கான சான்று வச்சிருக்கீங்களா?"

"எதுக்கான சான்று?"

"நீங்க இருக்கிறதுக்கு. நீலப் படிவம். நிரப்பினா ஓடிபி வரும். அதைச் சொன்னா, இருக்கீங்கன்னு ஏத்துக்குவோம்."

வடிவு நீலப் படிவத்தை நிரப்பினாள். ஓடிபி வந்தது. மிதக்கிறவளிடம் வந்தது. பதிவில் இருந்தது பழைய போன் நம்பர்.

"சொல்லுடி" என்றாள் வடிவு.

மிதக்கிறவள் சிரித்தாள். அவளுக்கு இரண்டாவதாக ஒரு வாக்கியமும் தெரிந்திருந்தது. "ஓடிபியை யாரிடமும் பகிர வேண்டாம்."

தரவுப் பகிர்வுப் பிரிவில் பகிரப்படாத ஒரே பொருள் அதுதான். இருநூற்றுப் பதினான்கு பெண்களின் அடுப்படியும் படுக்கையும் கண்ணீரும் ஊர் முழுக்கப் போகும். ஆறு இலக்க எண் ஒன்று மட்டும் வெளியே போகாது.

வடிவின் கோபத்தில் கவுன்ட்டர் கண்ணாடியில் ஆவி படிந்தது. "நீங்க வாங்கம்மா" என்று நாற்பத்தேழின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, படிவமும் இல்லாமல் ஓடிபியும் இல்லாமல், இயக்குநரின் அறைக்குள் நுழைந்தாள். யாரும் தடுக்கவில்லை. இல்லாதவளைத் தடுக்க அங்கே விதி எழுதப்படவில்லை.

இயக்குநர் டாக்டர் கோமதிநாயகம் நல்ல மனிதர். அதுதான் எரிச்சல். எழுந்து நின்று கும்பிட்டார்.

"உக்காருங்க மேடம். ஒங்க தரவு அருமை. இவ்வளவு விவரமா இந்தப் பல்கலைக்கழகத்துல யாரும் சேகரிச்சதில்ல."

"நாற்பத்தேழாவது வரியை எடுங்க சார். இந்தம்மா யாருன்னு தெருவுக்கே தெரிஞ்சுபோச்சு."

"எப்படித் தெரியும்? பேரை எடுத்தாச்சே." பின்னாலிருந்த இரும்பு பீரோவைத் தட்டிக் காட்டினார். "இருநூத்துப் பதினாலு பேரும் உள்ள பத்திரமா இருக்கு. சாவி என் இடுப்புல."

"வான்கோழி இருக்கே சார்."

"எது?"

"வயசு முப்பத்தாறு, ஊருணிக்கரைத் தெரு, இரட்டைப் பெண்கள், வீட்டில் வான்கோழி ஒன்று. அந்தத் தாலுகாவிலயே வான்கோழி வளர்க்கிற வீடு அது ஒண்ணுதான்."

"வான்கோழிக்குத் தனியுரிமை கிடையாதே மேடம்." கோமதிநாயகம் மென்மையாகக் கேட்டார். "அதை எழுதினது யாரு?"

எழுதியது வடிவுதான். பதினோராம் பக்கம், கால்நடை விவரம். ஒரு கட்டம்கூடக் காலியாக விடக் கூடாது என்பது அவளுடைய ஆய்வு நெறியாளரின் கட்டளை. கட்டம் காலியாக இருந்தால் அவருக்கு ரத்தக்கொதிப்பு ஏறும். மாடு இல்லை, ஆடு இல்லை என்று எழுதிக்கொண்டே வந்தவள், கூரைமேல் நின்ற வான்கோழியைப் பார்த்ததும் சந்தோஷத்தில் துள்ளி எழுதிவிட்டாள்.

"அதை எழுதாண்டாம்னு அன்னைக்கே சொன்னேம்லா மேடம்" என்றாள் நாற்பத்தேழு. "நீங்கதான், 'சும்மா ஒரு விவரத்துக்குத்தாம்மா'ன்னீய."

வடிவுக்கு இப்போது தன்மேலேயே கோபம். ஏற்கெனவே இருந்த கோபத்தோடு அது சேர்ந்ததில் மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறி பயந்து நின்றுவிட்டது.

"தப்பு என்னோடது. ஒத்துக்கிடுதேன். வரியை எடுங்க."

"எடுக்க முடியாதே. இருநூத்துப் பதினாலுன்னு அறிவிச்சாச்சு. ஒண்ணு குறைஞ்சா சதவீதம் எல்லாம் சரிஞ்சு விழும். போன மாசம் ஒருத்தர் ஒரு வரியை எடுத்தாரு. இயற்பியல் துறைக் கட்டிடத்துல ஒரு பக்கம் இறங்கிருச்சு."

"அந்த வரியில வேற ஆளு இருந்தா?"

"தாராளமா. யாராவது பதில் சொன்னாப் போதும்."

வடிவு கைப்பையிலிருந்து பதினெட்டுப் பக்கக் கேள்வித்தாளை எடுத்தாள். மேஜைமேல் விரித்தாள். பேனா மூடியைக் கழற்றினாள்.

"வயது?"

"ஐம்பத்தேழு" என்றார் கோமதிநாயகம். சொன்ன பிறகுதான் திடுக்கிட்டார். முப்பது வருட நிர்வாக அனுபவம். முன்னால் ஒரு கட்டம் காலியாக இருந்தால் அவரால் பொறுத்துக்கொள்ள முடியாது.

"குடியிருப்பு?"

"ஊழியர் குவார்ட்டர்ஸ், சி-ஒன்பது. மேடம், வேண்டாமே..."

"கால்நடை?"

"லவ் பேர்ட்ஸ் நாலு ஜோடி."

"பீடி சுற்றுவீர்களா?"

"சின்ன வயசுல அம்மாவுக்குச் சுத்திக் குடுத்திருக்கேன்" என்றவர் குரல் கொஞ்சம் இளகியது. நாற்பத்தேழு அவரை முதன்முறையாக மனிதனாகப் பார்த்தாள். அது ஒரு நொடிதான். "பீடி சுத்துன கைக்கா இப்ப இந்தப் பவுசு?" என்றாள்.

பக்கங்கள் போய்க்கொண்டே இருந்தன. எத்தனை பேர் ஒரே அறையில் தூங்குகிறீர்கள், யார் முதலில் சாப்பிடுவது, கடைசியாக எப்போது அழுதீர்கள். எல்லாவற்றுக்கும் வியர்க்க வியர்க்கப் பதில் சொன்னார். கட்டங்கள் நிறைந்தன.

"முப்பத்தொன்று. இந்த வீட்டில் தொடர்ந்து இருக்க விருப்பமா?"

கோமதிநாயகம் கதவைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். பிறகு உதட்டை மட்டும் அசைத்து ஒரு பதில் சொன்னார். வடிவு அதை ஓர் எழுத்து விடாமல் எழுதினாள். என்ன பதில் என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை. இந்தக் கதையில் ஒருத்தராவது வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்.

அவர் கதவிலிருந்த பெயர்ப்பலகை வெறும் பலகையானது. வெளியே கவுன்ட்டர் அம்மாள், "சி-ஒன்பது சாரா அப்படிச் சொல்லிட்டாரு!" என்று வாய்விட்டு ஆச்சரியப்படுவது கேட்டது.

இயக்குநர் பீரோவைத் திறந்தார். பெயர்கள் சின்னச் சின்ன பிளாஸ்டிக் உறைகளில் அடுக்கியிருந்தன. மக்கிய வாடை. நாற்பத்தேழு தன்னுடையதை எடுத்தாள். மாத்திரையைப் போல வாயில் போட்டுக்கொண்டு, தண்ணீர் இல்லாமல் விழுங்கினாள்.

"பேச்சித்தாய்" என்றாள். குரல் கணீரென்று இருந்தது. சொல்லிப் பார்க்க நன்றாக இருந்ததால் இன்னொரு முறையும் சொன்னாள்.

"வரி மாறிருச்சுல்ல? இனிமே யாரும் பாக்க முடியாதுல்ல?" என்று வடிவு கேட்டாள்.

"இனிமே பாக்க முடியாது" என்றார் பெயர் இல்லாத இயக்குநர். "ஏற்கெனவே டவுன்லோட் பண்ணினவங்ககிட்ட இருக்கிறது இருக்கும். அறுநூத்துப் பதினோரு பேரு. அதை நாங்க திரும்பக் கேக்கிற வழக்கமில்ல."

"வழக்கமில்லையா?"

"குடுக்கிறதுக்குத்தான் பிரிவு இருக்கு. வாங்கிறதுக்கு இல்ல."

வடிவு பட்டியலை அவர் கையிலிருந்து பிடுங்கினாள். அறுநூற்றுப் பதினோரு முகவரிகள். ஜப்பானில் ஒன்று இருந்தது. ஆண்டிப்பட்டியில் ஏழு. முதன்முதலில் இறக்கிக்கொண்டவரின் முகவரியைப் பேச்சித்தாய் விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். விரல் அங்கேயே நின்றது.

"எங்க தெரு" என்றாள். "எங் கொழுந்தன், மேடம்."

தாழ்வாரம் திரும்பி வரும்போது பதினெட்டு கிலோமீட்டராகியிருந்தது. ஷேர் ஆட்டோவை ஊருணிக்கரைத் தெரு வரைக்கும் விடச் சொன்னார்கள். மணி ஐந்தே முக்கால்.

கொழுந்தன் சுடலைக்கண்ணு பனியனோடு வாசலுக்கு வந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்க மைனி! மேடத்தையும் கூட்டியாந்தாச்சா? காப்பி போடச் சொல்லட்டுமா?"

"காப்பி கெடக்கட்டும். நாப்பத்தேழாவது வரி ஒங்கிட்ட இருக்கு. எடுத்துட்டு வா."

அவன் மறுக்கவில்லை. உள்ளே போனான். சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்ததை எடுத்து வந்தான். கசங்கிவிடக் கூடாதென்று லேமினேஷன் போட்டிருந்தான்.

"இந்தாங்க மைனி. ஒங்க பொருளை நீங்க கேட்டா நான் குடுக்காம இருப்பேனா?" நீட்டிய கையைப் பாதியில் நிறுத்தினான். "கோவிச்சுக்கிடாதீய, முக்குக் கடையில ஒரே ஒரு ஜெராக்ஸ் எடுத்துட்டு ஓடியாந்திருதேன். அண்ணன் ஆறு மணி பஸ்ஸுல வாராவ. கேட்டா காட்டணும்லா."

பேச்சித்தாய் வடிவைப் பார்த்தாள். வடிவு பேச்சித்தாயைப் பார்த்தாள்.

பேச்சித்தாய் செருப்பைக் கழற்றினாள். பேராசிரியை செண்பகவடிவும் கழற்றினாள். வீட்டுக்குள் போவதற்காக இல்லை.