முகப்புப் படத்தில் நடுவில் நின்றவள்

சுடலைமணிக்குப் பெயர் இரண்டு. ரேஷன் கார்டிலும் லைசென்சிலும் சுடலைமணி. கோயிலில் சாமுவேல். கோயில் என்றால் சர்ச். வேதக்காரர்கள் என்கிற கிறிஸ்தவர்களுக்கு இங்கே அதே சொல்தான். அவர் மகளுக்கும் இரண்டு பெயர். சான்றிதழில் காளீஸ்வரி, பாடகர் குழுவில் எமிமா. இது சபையில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. பாதிக் குடும்பங்கள் இப்படித்தான். போதகருக்கு, அதாவது எல்லோரும் ஐயர் என்று கூப்பிடுகிறவருக்கு, தெரியும். கமிட்டிக்கும் தெரியும். யாரும் யாரையும் கேட்பதில்லை. சட்டம் அப்படி. சாமியை மாற்றினால் சாதிக்கு உண்டான சலுகை போய்விடும். சாதி மட்டும் எங்கேயும் போகாது, அதே தெருவில் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

அந்தச் சபைக்கு ஒரு இணையதளம் வேண்டும் என்று ஐயருக்கு ஆசை வந்தது. இலஞ்சிப் பக்கம் ஒரு சபைக்கு இருக்கிறதாம். அப்புறம் இவர்கள் சும்மா இருக்க முடியுமா? கடையநல்லூரிலிருந்து சஃப்ரின் என்கிற பெண்ணை வரவழைத்தார்கள். புருஷன் துபாயில் இருக்க, வீட்டில் இருந்தபடியே வெப்சைட் செய்து கொடுப்பவள். ஜவுளிக்கடைக்குச் செய்திருக்கிறாள், பல் டாக்டருக்குச் செய்திருக்கிறாள், சர்ச்சுக்கு இதுதான் முதல் தடவை. முகப்புப் பக்கத்தில் என்ன போடுவது என்று கேட்டாள். அவ்வளவுதான், கமிட்டி பிய்த்துக்கொண்டது. ஒருவருக்கு அஸ்திவாரக் கல் வர வேண்டும், ஒருவருக்குப் பேராயர் படம், இன்னொருவருக்கு டியூப் லைட் வாங்கிக் கொடுத்த தன் தகப்பனார் படம். சஃப்ரின் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கேமராவோடு வந்து தன் இஷ்டத்துக்கு எடுத்துக்கொண்டு போனாள்.

அடுத்த வாரம் ஐயர் வீட்டில் லேப்டாப்பைத் திறந்து காட்டினாள். வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. திரை முழுக்கப் பாடகர் குழு. நடுவில் எமிமா, கண்ணை மூடி, கழுத்து நரம்பு தெரிய உச்சத்தில் பாடிக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் பாட்டுப் புத்தகத்தைப் பார்க்க, அவள் மட்டும் எதையும் பார்க்காமல் பாடினாள். கீழே பெயர்கள் வரிசையாக இருந்தன. கமிட்டி ஒருமனதாக ஒன்றை ஒப்புக்கொண்டது அன்றைக்குத்தான். டியூப் லைட்காரர்கூட வாயைத் திறக்கவில்லை.

பாடகர் குழுவை நடத்துகிற சுடலைமணி மட்டும் கீழே இருந்த மகள் பெயரையே திரும்பத் திரும்பப் படித்தார். மகள் அரசுத் தேர்வு எழுதி, இளநிலை உதவியாளர் வேலைக்குத் தேறியிருந்தாள். அந்த இடம் ஒதுக்கீட்டில் கிடைத்தது; சான்றிதழில் இந்து என்று இருப்பதால் கிடைத்தது. சரிபார்ப்புக்கு இன்னும் கூப்பிடவில்லை. பட்டியலில் அடுத்து நிற்கிறவன் இந்தப் படத்தை ஒரு மனுவோடு சேர்த்துத் தட்டிவிட்டால் போதும், படித்த படிப்பெல்லாம் தண்ணீரில் கரைந்துவிடும்.

அங்கேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் அத்தனை நாள் யாரும் சொல்லாததை அவர் சொன்னதாகிவிடும். டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்தார்.

மறுநாள் பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் லோடு இறக்கிய கையோடு, டெம்போவைக் கடையநல்லூருக்கு விட்டார். சஃப்ரினின் மாமியார் ஜாஹிரா பீவி உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போக, சஃப்ரின் லேப்டாப்போடு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"அந்தப் படத்த எடுத்திரணும் தாயி."

"ஏன் அண்ணாச்சி? நல்லாத்தான இருக்கு. ஐயரு பேராயர் ஆபீஸுக்கே அனுப்பிட்டாங்களே."

"மவளுக்கு மாப்பிள்ள பாக்குதோம். படம் வெளிய வாரது அவங்களுக்குப் பிடிக்கல."

பொய் சொல்லிப் பழகாத மனுஷன். காது மடல் வரைக்கும் சூடாகிவிட்டது. ஆனால் சஃப்ரின் நம்பினாள். இந்தக் காரணம் அவள் தெருவிலும் செல்லுபடியாகிற காரணம்தான்.

"அப்ப படம் இருக்கட்டும். உங்க மவள மட்டும் எடுத்திருதேன்."

"ஒரு ஆள மட்டும் எப்படிம்மா எடுக்க?"

அவள் எமிமாவைச் சுற்றி ஒரு கோடு இழுத்து, ஒரு தட்டுத் தட்டினாள். எமிமா போய்விட்டாள். அவள் நின்ற இடத்தில் சுவர் வந்தது, ஜன்னல் வந்தது, பக்கத்துப் பெண்ணின் அங்கி கொஞ்சம் அகன்றது. அங்கே என்றைக்கும் யாரும் நின்றதில்லை என்று சத்தியம் பண்ணலாம். சுடலைமணிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எதற்காக வந்தாரோ அது நடந்துவிட்டது, ஆனாலும் சஃப்ரின் மேல் கோபம் கோபமாக வந்தது.

"பேரையும் எடுத்திரவா அண்ணாச்சி?"

"எடுத்திரு."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், பீடத்துக்குப் பக்கத்தில் திரை கட்டி, ஐயர் ஜெபம் பண்ணிப் பொத்தானை அழுத்தினார். கைதட்டல் பலமாகத் தொடங்கி, பாதியில் சுருதி இறங்கியது. சபை படத்தைப் பார்த்தது. பிறகு ஒவ்வொருவராகக் குனிந்து, மடியில் இருந்த பைபிளைச் சரி செய்தார்கள். ஐயர் சுடலைமணியை ஒரு நொடி பார்த்தார். பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் பற்றிய அறிவிப்புக்குப் போய்விட்டார். யாராவது ஒருவர் எழுந்து, எமிமா எங்கே என்று கேட்கக் கூடாதா என்று சுடலைமணிக்கு இருந்தது. யாரும் கேட்கவில்லை. அவருக்காகத்தான் கேட்கவில்லை. அந்த நல்ல மனசைத்தான் தாங்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் எமிமா பாடகர் குழு அங்கியை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"நீங்களாப்பா?"

"ஆமா. வேல போயிரும்லாட்டி."

"போயிரும்தான். எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா. நானே எடுக்கச் சொல்லியிருப்பேன்."

"நீ சங்கடப்படுவேன்னுதான்..."

"இப்ப சங்கடப்படலயாக்கும்."

அந்த வாரத்திலிருந்து அவள் குழுவோடு நிற்கவில்லை; கடைசி வரிசையில் முக்காடு போட்டு உட்கார்ந்துகொண்டாள். வேலை கிடைக்கட்டும், அப்புறம் பாடுகிறேன் என்று கேட்டவர்களிடம் சொன்னாள். வேலை கிடைத்த பிறகுதான் இன்னும் பயம், ரிட்டயர் ஆகும் வரைக்கும் பயம் என்பது அப்பாவுக்கும் மகளுக்கும் தெரியும். சுடலைமணி பாட்டை எடுத்துக் கொடுப்பார். மேலே ஏற வேண்டிய இடத்தில் ஏற ஆள் இருக்காது, பாட்டு தரையிலேயே நடக்கும்.

சரிபார்ப்புக்குக் கூப்பிட்டார்கள். அன்றைக்கென்று மார்க்கெட்டில் லோடு தாமதம். வீட்டுக்குப் போய்ச் சட்டை மாற்ற நேரமில்லாமல், காக்கிச் சட்டையோடே வந்து, தெருமுனையில் காத்திருந்த மகளை டெம்போவில் ஏற்றிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார். வெளியே நிற்கிறேன் என்றவர் கால் நிற்காமல் அறை வாசல்வரை போய்விட்டார். மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். சாதிச் சான்றிதழில் மட்டும் கொஞ்சம் அதிகமாக நின்றார்.

"எல்லாம் சரியா இருக்கும்மா."

"ஸ்தோத்திரம்" என்றார் சுடலைமணி.

வேண்டுமென்றே சொல்லவில்லை. கஷ்டம் நீங்கினால் வேதக்காரர் வாயில் அந்தச் சொல்தான் வரும். லாரி உரசாமல் போனாலும், ஜுரம் விட்டாலும் அதுதான். அதுபாட்டுக்கு, நன்றாகச் சத்தமாக, அறை முழுக்கக் கேட்கும்படி வந்துவிட்டது.

அதிகாரி நிமிர்ந்தார். பேனா கையெழுத்துப் போடுகிற இடத்திலேயே நின்றது.

"இது யாரு?"

காளீஸ்வரி திரும்பி அப்பாவைப் பார்த்தாள்.

"வண்டி டிரைவர் சார்" என்றாள். "பஸ்ஸ விட்டுட்டேன். தெரிஞ்ச டெம்போவுல ஏறி வந்தேன்."

குரல் கொஞ்சமும் ஆடவில்லை. அதிகாரி காக்கிச் சட்டையை மேலும் கீழும் பார்த்தார்.

"டிரைவர்லாம் உள்ள வரப்படாதுப்பா. வெளிய போய் நில்லு."

"சரிங்க சார்."

சுடலைமணி வெளியே வந்து, டெம்போவில் ஏறி உட்கார்ந்து, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். அவள் சொன்னது சரி. சரியான நேரத்தில் சரியாகச் சொன்னாள். இதை அவர் தனக்குத்தானே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டார், அப்படியும் நெஞ்சு ஆறவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவள் வந்தாள். கையெழுத்து வாங்கியாகிவிட்டது. படியிறங்கும்போதே முகம் உடைந்துவிட்டது. டெம்போ கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா..."

சுடலைமணி அலுவலக வாசலைப் பார்த்தார். அங்கே இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

"இங்கன வச்சுக் கூப்பிடாத" என்றார். "ஏறு."