பாத்தி கட்டிய தளம்

விடியும்போதே சங்கரம்மாள் மூன்றாவது மாடியில் நின்றாள். கையில் தண்ணீர் பீய்ச்சும் ஓஸ். துறைமுகச் சாலையில் போகும் நிலக்கரி லாரிகளின் கரியும் சிமெண்டுத் தூசியும் தொண்டையில் அப்பின. முந்தாநாள் போட்ட காங்கிரீட் தளம் காயக் கூடாது, காய்ந்தால் வெடிக்கும். அதற்குத் தண்ணீர் காட்டுவதுதான் அவள் வேலை.

பதினாறு வருடம் உப்பளத்தில் கிடந்தவள். பாத்தியில் தண்ணீரைச் சிந்தாமல் நிறுத்திப் பழகிய அவளுக்கு, இங்கே லாரி லாரியாக வந்த நல்ல தண்ணீர் விளிம்பில் வழிந்து வீணானது பொறுக்கவில்லை. அவள் வீட்டுக் குழாயில் ஒன்பது நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர். கலவை மிஷின் கழுவிய வெள்ளைத் தண்ணீரும் இதோடு சேர்ந்து பின்னாலிருக்கும் கடற்கரைத் தெருவுக்குள் ஓடியது. அது பிளாரன்ஸின் தெரு. அவளும் இங்கேதான் கலவைச் சட்டி சுமக்கிறாள்; மிஷின் கழுவுவதும் அவள்தான். தெருக்கிணற்றில் குளித்த பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் அரிப்பு.

"நாங் கழுவி விடுத தண்ணியிலதான் எம் புள்ள குளிக்கான்," என்று ஒருநாள் பிளாரன்ஸ் அழுதாள்.

போன மாதம் இருவரும் ஒரு காரியம் செய்தார்கள். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் நடக்குமா? போடும் தளத்திலெல்லாம் உப்புப் பாத்தி போலச் சாந்தால் வரப்புக் கட்டித் தண்ணீரைத் தேக்கினார்கள். தூண்களுக்கு ஈரச் சாக்கு சுற்றினார்கள். கொத்தனார் ரெக்சன் கீழே இரண்டு குழி வெட்டினார். மிஷின் கழுவிய தண்ணீர் முதல் குழியில் தெளிந்து இரண்டாவதில் விழும். அதையே எடுத்து மறுபடியும் மிஷின் கழுவினார்கள். தினம் மூன்று லாரி வந்த இடத்தில் ஒன்றே போதுமென்றாயிற்று. வெள்ளைத் தண்ணீர் தெருவுக்குப் போவதும் நின்றது.

இன்று அவள் தண்ணீர் காட்டிக்கொண்டிருக்கையில், ஒன்பது மணிக்குக் காண்ட்ராக்டர் முத்துச்செல்வம் வந்தார். மாடியேறிப் பார்த்துச் சிரித்தார்.

"நல்ல மூளைதான் ஒனக்கு. இனிமே தண்ணி காட்ட தனி ஆளு எதுக்கு? வாட்ச்மேனே பாத்துக்கிடுவான். நாளைலேருந்து நீ வர வேண்டாம். ஏலே ரெக்சன், அந்தக் குழியையும் மூடிரு. கம்பி இறக்க எடம் வேணும்."

தண்ணீரை மிச்சம் பிடித்தவளுக்குக் கிடைத்த சன்மானம் அது! சங்கரம்மாள் ஓஸோடு அவர் முன்னால் வந்து நின்றாள்.

"வேலைய நல்லா செஞ்சதுக்கா நிப்பாட்டுதிய?"

"வேலை கொறைஞ்சா ஆளையும் கொறைக்கணும்ளா. அதுதான் தொழிலு."

"குழிய மூடுனா அந்தத் தண்ணி எங்க போவும்?" பிளாரன்ஸ் தலைச்சட்டியை இறக்காமலே கேட்டாள்.

"கடலு அவ்வளவு பெருசா கெடக்குல்லா. அங்கன போவுது."

"கடலுக்கு முந்தி எங்க வீடு இருக்கு அண்ணாச்சி."

அவர் கீழே இறங்கிக் காரில் ஏறிப் போய்விட்டார்.

மத்தியானம் செங்கல் அடுக்கு நிழலில் எல்லோரும் கூடினார்கள்.

"வெட்டுன கை மூடாது," என்றார் ரெக்சன். "நாளைக்கு மிஷினும் ஓடாது."

"தளத்தக் காயப் போட்டுராதிய," என்றாள் சங்கரம்மாள். "நாளைக்கு அதுக்குக் கீழ நாலு சனம் குடியிருக்கும். வெடிச்சா அதுக தலையிலல்லா விழும்?"

"அப்ப யாரு தண்ணி காட்டுவா?" என்றாள் பிளாரன்ஸ்.

"நாந்தான்."

மறுநாள் சங்கரம்மாளைத் தவிர்த்த மற்ற இருபத்திரண்டு பேரும் நேரத்துக்கே வந்தார்கள். வந்து, குழியைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். காண்ட்ராக்டர் காரிலிருந்து இறங்கும்போதே கத்தினார்.

"ஒரு போன் போட்டா வடக்கேருந்து அம்பது ஆளு வந்து நிக்கும், பாத்துக்கிடுங்க!"

"வரட்டும் அண்ணாச்சி," என்றார் ரெக்சன். "அவுகளுக்கும் தண்ணி வேணும்லா. நாங்க பேசிக்கிடுதோம்."

அப்போது மேலே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. காண்ட்ராக்டர் அண்ணாந்து பார்த்தார்.

"ஏளா! ஒன்னைய வர வேண்டாம்னு சொன்னேம்லா!"

"நீங்க சொன்னிய. தளம் சொல்லலையே," என்றாள் சங்கரம்மாள், ஓஸை அடுத்த பாத்திக்கு மாற்றியபடி.

வேலை உள்ள இருபத்திரண்டு பேரும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். வேலை இல்லையென்று விரட்டப்பட்டவள் மட்டும் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். மாடியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் கீழே சிந்தவில்லை.