யாழெழிலி

ஓர் இனத்தின் மானம் அதன் குழந்தைகளின் பெயரில் இருக்கிறது. கொட்டச்சேடு காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரும் தமிழ் மன்றத் தலைவருமான கோவிந்தராஜ் இதை 1969இல் பொதுக்கூட்டத்தில் சொன்னார். கைதட்டினார்கள். அடுத்த வாரமே அந்த மானத்துக்காகக் கந்தசாமியின் முன்பற்கள் இரண்டு போயின.

கந்தசாமி, கோவிந்தராஜின் கைக்குழந்தைக்குத் தாய்மாமன். தாய்மாமன்தான் குழந்தையின் காதில் மூன்று தடவை பேரைச் சொல்ல வேண்டும். வெள்ளிக் கொலுசோடு கிளியூரிலிருந்து வந்திருந்தார். பெயர் யாழெழிலி என்று அப்போதுதான் அவருக்குச் சொன்னார்கள்.

"யாளெளிலி" என்றார் குழந்தையின் காதில்.

"மச்சான், நாக்கை மடக்கிச் சொல்லுங்க" என்றார் கோவிந்தராஜ்.

"யாளெளிலி."

"மன்றத் தலைவன் ஊட்டுலயே தமிழைக் கொல்றீங்களா?"

"ஏனுங் மாப்ளே, வாய்க்கு வர்ற பேரா ஒண்ணு வெக்கப்படாதுங்களா? எங்கூர்ல இதைச் சொல்ல ஆளு இல்லீங்களே!"

கோவிந்தராஜ் பித்தளைச் சொம்பால் அவர் வாயிலேயே அடித்தார். பல் ஒன்று தொட்டில் துணியில் விழுந்தது. இன்னொன்றைக் கந்தசாமி விழுங்கிவிட்டார். விழுங்கிய கையோடு உலக்கையை எடுத்து மாப்பிள்ளையின் தோள்பட்டையில் போட்டார். எலும்பு முறிந்த சத்தம் வாசல்வரை கேட்டது. விருந்துக்கு வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டே இருவரையும் பிரித்துவிட்டார்கள். மூன்றாவது தடவையைக் கடைசிவரை யாரும் சொல்லவில்லை.

கட்டு அவிழ்த்ததும் கோவிந்தராஜ் தாம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். மகளின் பெயர் ஊரார் வாயில் சரியாக ஒலிக்க வேண்டும். அதற்காகத் தூக்கு மேடைக்கும் தயார் என்றார். தம் வடமொழிப் பெயரை மட்டும் அவர் மாற்றவில்லை. வேலை உத்தரவில் சிக்கல் வருமாம்.

அம்மை ஊசி போட வந்த கம்பவுண்டர் சின்னசாமி, அட்டையைப் பார்த்துப் பெயரைப் படித்தார். பாதியில் அவருடைய கை கதவிடுக்கில் இருந்தது. கோவிந்தராஜ் கதவைச் சாத்தினார். மூன்று விரல்கள். அந்த வட்டாரத்தில் ஊசிக்கு வேறு ஆள் வர எட்டு மாதம் ஆயிற்று.

மனைவி கலாவதி ஒருநாள் அடுப்படியிலிருந்து மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். கூப்பிட்டு முடிப்பதற்குள் கன்னத்தில் அறை விழுந்து, காதில் ரத்தம் வந்தது. அவள் முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"உங்க பேரை நீங்களே வெச்சுக்கங்க. இனி எம் வாயில அது வராது."

அன்றிலிருந்து அவளுக்கு மகள் "கண்ணு" ஆனாள். தொழிலாளர்களின் லைன் வீடுகளிலும் எல்லோரும் "கண்ணு" என்றார்கள். பல்லும் விரலும் எல்லோருக்கும் வேண்டியிருந்தன. தப்பாகச் சொல்பவர் ஒருவரும் இல்லை என்று கோவிந்தராஜ் மன்றத்தில் பெருமையாகப் பேசினார். உறுப்பினர்கள் மூன்று பேரும் ஆமோதித்தார்கள்.

ஐந்து வயதில் பள்ளியில் சேர்த்தார்கள். ஐந்தாம் நாள் காலை மகள் சொன்னாள்:

"அப்பா, டீச்சர் எல்லாரையும் கூப்புடறாங்க. என்னைய மட்டும் கூப்புடறதேயில்ல."

கோவிந்தராஜுக்குப் புரிந்துவிட்டது. வாயில் நுழையாத பெயரை அந்த டீச்சர் விட்டுவிட்டுப் படிக்கிறாள். காப்பிச் செடி கவாத்து பண்ணும் கத்தியை எடுத்துக்கொண்டார்.

"வா கண்ணு."

வகுப்பில் அறுபது பிள்ளைகள். மகள் ஓடிப்போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள். இன்பமேரி டீச்சர் நிமிர்வதற்குள் கத்தி மேசையில் இறங்கியது. மைக்கூடு உடைந்து டீச்சரின் புடவையெல்லாம் நீலம். தடுக்க வந்த தலைமையாசிரியரை அவர் முழங்கையால் இடிக்க, மூக்கு உடைந்து ரத்தம் கரும்பலகையில் தெறித்தது. பிள்ளைகள் அலறின.

"படிம்மா! எம் பொண்ணு பேரைப் படி! ஒரு எழுத்து பிசகுச்சு, நாக்கு இருக்காது!"

டீச்சர் பதிவேட்டைத் திறந்தார்.

"தினமும் படிக்கிறேனுங்க சார்" என்றார். பிறகு, "கோ. யாழெழிலி" என்று படித்தார்.

ஐந்து வருடத்தில் அவ்வளவு சுத்தமாக அதை யாரும் சொல்லியதில்லை. கோவிந்தராஜின் கை தானாகக் கத்தியை விட்டது. மகள் எழுந்து நிற்பாள் என்று பார்த்தார்.

மகள் திரும்பி, அது யார் என்று பின் வரிசையைப் பார்த்தாள்.

பதிவேட்டில், முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த அவளுக்கு நான்கு நாளும் ஆப்சென்ட் போட்டிருந்தது.