மன்னர் என்று வருமிடத்தில்

சவப்பெட்டியில் கிடத்தியிருந்த அப்பாவின் சட்டைக்குக் கடைசிப் பொத்தானை மகள் போட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் போலீஸ் வண்டி வந்து நின்றது. அண்ணன் இறங்கினான். அவனையும் ஒரு காவலரையும் ஒரே விலங்கு பிணைத்திருந்தது. ஒரு கூட்டத்தில் வாயை அடக்காமல் பேசியதற்காக, விசாரணையே இல்லாமல் ஆறு மாதமாக உள்ளே கிடக்கிறான்.

"ஒரு மணி நேரம்தான்மா," என்றார் இன்ஸ்பெக்டர். "அதுக்குள்ள தூக்கலைன்னா இவரைக் கூட்டிட்டுப் போயிடுவேன்."

"விலங்கையாவது கழட்டக் கூடாதா சார்?"

"சட்டத்துல இடமில்லம்மா."

அந்தச் சட்டம் அவளுக்கு நன்றாகவே தெரியும். அப்பா சட்டத்துறையில் எழுத்தராக இருந்தவர். வெள்ளைக்காரர்கள் கப்பலேறியதும் புதுச் சட்டம் எழுத யாருக்கும் பொறுமையில்லை. பழைய புத்தகங்களில் 'மன்னர்' என்று வருமிடத்திலெல்லாம் 'அரசு' என்று அச்சடித்த துண்டை ஒட்டச் சொல்லிவிட்டார்கள். மூன்று மாதம் அப்பா பசையும் கையுமாக அலைந்தார். மன்னரை எதிர்த்துப் பேசுபவரை விசாரிக்காமலே அடைக்கலாம் என்ற பிரிவிலும் ஒட்டினார். வெள்ளைக்காரர் காலத்தில் அந்தப் பிரிவில் உள்ளே போய்த்தான் அவருடைய அப்பாவே செத்தார். கேட்டால், "தற்காலிகம்னுதான் சொன்னாங்க" என்பார். அந்தத் தற்காலிகத்துக்கு இப்போது நாற்பது வயது. அவர்மேல் அவளுக்கிருந்த கோபம் இன்னும் ஆறவில்லை. அழுகையும் நிற்கவில்லை.

அண்ணன் அப்பாவின் முகத்தைத் தடவக் குனிந்தான். காவலரும் சேர்ந்து குனிய வேண்டியிருந்தது.

"சவரம் யார் பண்ணா? தாடையில வெட்டியிருக்கு."

"நான்தான். எனக்குப் பழக்கமில்ல."

இன்ஸ்பெக்டர் நோட்டை எடுத்தார். "கைதியோட கூடி நிக்கிறவங்க பேரெல்லாம் எழுதிக்கணும். அதுவும் இவரை அடைச்ச அதே பிரிவுதான்."

முற்றத்தில் முப்பது பேராவது இருந்தார்கள். ஒருவருக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஒருவருக்குத் தலைவலி. சித்தப்பாவுக்கு மருந்து வேளை. பத்தே நிமிடத்தில், பெட்டியைத் தூக்க எதிர்வீட்டுத் தையல்காரர் மட்டும்தான் மிச்சம்.

"என் பேரைக் கொஞ்சம் பெருசாவே எழுதுங்க சார்," என்றார் அவர்.

அண்ணன் முன்கைப்பிடியைப் பிடித்தான். கூடவே இழுபட்ட காவலர், இன்ஸ்பெக்டரை ஒருமுறை பார்த்துவிட்டு, அவனுக்குப் பின்னாலிருந்த பிடியைப் பற்றினார். எதிர்ப்பக்கத்தில் தையல்காரர். அவருக்குப் பின்னால் ஒரு பிடி சும்மா தொங்கியது.

"இன்னும் இருபது நிமிஷம்தான்," என்றார் இன்ஸ்பெக்டர்.

அவள் போய்ப் பிடித்தாள். பெட்டி தரையை விட்டு எழுந்தது.

"நீங்களுமாம்மா? பேரைச் சொல்லுங்க."

தன் பெயருக்கு முன்னால் அப்பாவின் பெயரையும் சேர்த்துச் சொன்னாள். இன்ஸ்பெக்டர் எழுதி முடிக்கும்வரை நான்கு பேரும் பெட்டியை ஏந்தியபடி வாசலிலேயே நின்றார்கள்.